பால் பொங்க விடாத அடுப்பு

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கம்பெனிக்கு நான்கு வயது முடிந்தது. நெதர்லாந்தில் யாருக்குப் பிறந்தநாளோ அவரே கேக் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். கம்பெனிக்குக் கை கால் கிடையாது என்பதால் நான் வாங்கிப் போனேன். ஆளுக்கொரு துண்டு, ஸ்கேல் வைத்து வெட்டியது. ஒரு துண்டு மிஞ்சினால் அதை என்ன செய்வது என்று கூட்டம் போட்டு முடிவெடுக்கிற ஊர் இது.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேக்கைத் தின்றுகொண்டே கேட்டாள்: "இந்த நான்கு வருடத்தில் உங்களுக்கு வந்த பெரிய தொழில்நுட்பச் சவால் எது?"

என் கூட்டாளி யூப், ஆறரை அடி உயரம், யாரைப் பார்த்தாலும் குனிந்தே பார்க்க வேண்டிய மனிதர். "பேட்டரி" என்றார் அவர். "பால்" என்றேன் நான். ஒருவரும் சிரிக்கவில்லை. யூப் மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பட்டவருக்குத்தானே தெரியும்.

அந்தப் பெண்ணுக்குப் படம் வரைந்து விளக்கினேன். புரியவில்லை. உங்களுக்குப் படமெல்லாம் வேண்டியதில்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் சமையல், குளியல், குளிர் காய்வது எல்லாம் குழாயில் வரும் எரிவாயுவில் நடக்கிறது. பூமி சூடாகிறது, வீட்டில் எரியும் எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றலாம்தான். ஆனால் பழைய வீட்டில் பெரிய மின்சார அடுப்பு வைக்க வேண்டுமென்றால் சுவரை உடைத்து ஒயரிங்கை மாற்ற வேண்டும். நாங்கள் செய்தது வயிற்றுக்குள் பேட்டரி வைத்த அடுப்பு. சாதாரண பிளக்கில் செருகினால் போதும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, சமைக்கும்போது மொத்தமாக எடுத்துக் கொடுக்கும். கரண்ட் போனாலும் சாதம் வேகும்.

இந்த யோசனை எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் பருவநிலை பற்றிய ஆழ்ந்த கவலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். ஏற்காடு மலையில் இருக்கும் என் சொந்த ஊரான நாகலூரில் கொஞ்சம் பலமாகக் காற்றடித்தால் ஒரு சில்வர் ஓக் மரக்கிளை லைன் மேல் விழும். கரண்ட் போகும். ஏற்காட்டிலிருந்து லைன்மேன் வரும்வரை மிக்ஸிக்குள் சட்னி பாதியில் நிற்கும். பத்தாம் வகுப்பு வரை நான் சாப்பிட்ட சட்னியில் சரிபாதி கடித்துத் தின்றது. பருவநிலை கவலை எல்லாம் பிறகு வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. மழைக்காலத்தில் துணி காயாமல் ஈரப் பாவாடையோடு ஏற்காடு பஸ்ஸில் நின்றுகொண்டே பள்ளிக்கூடம் போனவளுக்கு உருக்கமெல்லாம் வராது. தும்மல்தான் வரும்.

நான்கு வருடம் முடிகிற கம்பெனிக்கு மூன்றாவது வருடம் மூச்சு முட்டியது. வாடிக்கையாளர்கள் போதவில்லை. அப்போதுதான் மார்லேன் வந்தார். முதலீடு செய்கிறவர். சிரித்தால்கூட மணி பார்த்துக்கொண்டு சிரிப்பார். இந்த அடுப்பு இங்கே மட்டும் ஓடினால் சின்னக் கம்பெனி, கரண்ட் ஒழுங்காக வராத ஊரிலும் ஓடினால் பெரிய கம்பெனி என்றார். நிபந்தனை எளிது. எங்கேயாவது பத்து வீட்டில் அடுப்பை வையுங்கள். மூன்று வாரம் விடுங்கள். நான்காவது வெள்ளிக்கிழமை இங்கே மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் பத்தில் எட்டு வீட்டில் அன்றைக்கு அதில் சமைத்திருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் கடையைச் சாத்திவிட்டு நாங்கள் ஆறு பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

"பத்து வீடு எங்கே கிடைக்கும்?" என்றார் யூப்.

"எனக்கு ஓர் அண்ணி இருக்கிறார்" என்றேன்.

3

என் அண்ணன் நாகலூரில் எஸ்டேட் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அந்தக் குறை வீட்டில் தெரியாமல் பார்த்துக்கொள்வது அண்ணி பரிமளாவின் பொறுப்பு.

"பத்து ஊடு என்ன அம்மிணி, இருவது ஊடு புடிச்சுத் தாரேன்" என்றார் போனில். "நான் சொன்னா நாகலூருல தட்டறவங்க யாரு? ஒம்பது ஊடு வெளிய, பத்தாவது நம்ம ஊடே இருக்கட்டும்."

நான் கெட்டிக்காரி. ஆடியில் யாரும் புதுச் சாமானைத் தொடமாட்டார்கள் என்று தெரிந்து ஆவணி வரை காத்திருந்தேன். முதல் வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும் முன்னால், ஒன்பதரைக்கு மேல் அடுப்பைத் தொடங்கச் சொன்னேன். வெள்ளைக்காரக் கம்பெனி எதுவும் இவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்டிருக்காது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அண்ணி வீடு மட்டும் அன்றைக்குத் தயாராகவில்லை. "சமையக்கட்டை இடிச்சுப் புதுசாக் கட்டறோம் அம்மிணி. நொம்ப நாளா நெனச்சது. முடிஞ்சதும் நம்முளுத ஆரம்பிச்சுக்கலாம்" என்றார். சரி, ஒன்பது போதும்.

ஆபீஸில் காலை ஆறு மணிக்கே எல்லோரும் திரைக்கு முன்னால் கூடிவிட்டோம். அங்கே ஒரு அடுப்பு ஓடினால் இணையம் வழியாக இங்கே ஒரு கோடு எழும். நாகலூரில் ஒன்பதரை. ஒரு கோடு எழுந்தது. இரண்டு, ஐந்து, ஒன்பது. ஒன்பது வீட்டிலும் அடுப்பு எரிகிறது! கோடுகள் ஏறின, ஏறின, ஏறக்குறைய ஒரே இடத்தில் சட்டென்று கீழே விழுந்தன. யூப் எழுந்து நின்று கைதட்டினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

காரணம், அந்த வீழ்ச்சி அவருடைய கண்டுபிடிப்பு. அடுப்பின் கண்ணாடிக்கு அடியில் ஒரு சென்சார் பாத்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பது பொங்கி வழியப் போகிறது என்றால் வழிவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடும். பதினான்கு மாதம் ராப்பகலாக உழைத்துச் செய்தது. "ஒன்பதுக்கு ஒன்பது! நூறு சதவிகிதம்!" என்றார். அவருக்குப் பிறந்தநாள் இல்லாமலேயே கேக் வாங்கி வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் ஒரு கோடும் எழவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. திங்கட்கிழமை நான் போனை எடுத்தேன்.

4

"என்னாச்சுங்க அண்ணி? மூணு நாளா ஒருத்தரும் அடுப்பத் தொடவே இல்லையே?"

"தொடலை அம்மிணி. தொடவும் மாட்டாங்க."

"ஏனுங்க?"

"பால் பொங்குலையே!"

அண்ணி விலாவாரியாகச் சொன்னார். "ஒம்பது ஊட்டுலயும் ஒரே கதைங்கறேன். சந்தனம் குங்குமமெல்லாம் வெச்சு, சூடம் காட்டிப் பாலை வெச்சாங்க. பால் மேல வருது, வருது, அல்லாரும் கையெடுத்துக் கும்புடறாங்க. சரியா விளிம்புக்கு வந்ததும் உன்ற அடுப்பு டிங்குன்னு ஒரு சத்தம் போட்டு அமந்து போச்சு. பால் பொசுக்குன்னு எறங்கிப்போச்சு. மறுக்கா வெச்சாங்க, மறுக்காவும் டிங்கு. ஒருத்தி அழுதே போட்டா. கல்யாண வயசுல புள்ளைய வெச்சுக்கிட்டு இருக்கறா பாவம்."

"அண்ணி, அதுதாங்க அந்த அடுப்போட பெருமையே! பால் பொங்கி வீணாகாது."

"ஏன் அம்மிணி, பொங்கற பாலைப் பொங்க உடாமப் பண்றதுக்கா நீ அத்தன தூரம் போயிப் படிச்சே?"

என் மாஸ்டர்ஸ் பட்டம் எதிர்ச் சுவரில் தொங்கியது. அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இப்ப அடுப்பெல்லாம் எங்க இருக்குதுங்க?"

"பத்திரமா இருக்குது. ஒரு ஊட்டுல துண்டு போட்டு மூடி மேல சாமி படம் வெச்சிருக்கறாங்க. ஒரு ஊட்டுல அரிசி மூட்டை. செல்வி ஊட்டுல மட்டும் அதுல டிவி ஓடுது."

"டிவியா?"

"அடுப்போட பக்கவாட்டுல பிளக் பாயிண்ட் குடுத்திருக்கியே, அதுல சொருகிட்டா. கரண்ட் போனாலும் சீரியல் நிக்கறதில்லையாமா. உன்னைய நொம்பப் பெருமையாச் சொல்றா."

"நீங்க இதையெல்லாம் நம்பறீங்களாங்க அண்ணி?" என்று நேராகவே கேட்டேன்.

"நான் எங்க நம்பறேன்? எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா எதுக்கு வம்புன்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

நம்பிக்கை இல்லை, ஆனால் எதுக்கு வம்பு. இதை எதிர்த்து வாதாடி ஜெயித்தவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், எங்கள் கம்பெனியில் வேலை தருகிறேன்.

வைப்பதற்கு முன் அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உனக்கென்ன, நீ அங்க இருக்கறே. இங்க என்னையப் பாக்கறவங்கெல்லாம் பரிமளா கொண்டாந்த பொட்டின்னு சொல்றாங்க. கடைக்குப் போக முடியலை."

5

யூப்பிடம் இதை எடுத்துச் சொன்னது என் வாழ்க்கையின் கடினமான அரை மணி நேரம். டச்சு மொழியில் அதிர்ஷ்டத்துக்கும் மகிழ்ச்சிக்கும் ஒரே சொல். நான் பால் ராசியாக இருக்க வேண்டும் என்றேன். அவர் போர்டில் பெரிய எழுத்தில் "தேவை: மகிழ்ச்சியான பால்" என்று எழுதிக்கொண்டு, யோசனையோடு நின்றார்.

"பொங்கி வழிய வேண்டும் என்கிறாயா? வேண்டுமென்றே?"

"ஆமாம்."

"அடுப்பு மேலேயா?"

"ஆமாம். கிழக்குப் பக்கமாக வழிந்தால் இன்னும் விசேஷம்."

யூப் நாற்காலியில் உட்கார்ந்தார். பதினான்கு மாத உழைப்பை ஒரு பொத்தானை வைத்து ரத்து செய்யச் சொல்கிறாள் என்று புரிய அவருக்கு ஒரு காபி தேவைப்பட்டது. ஆனால் நல்ல மனிதர். இரண்டாவது காபியில், அடுப்புக்குள் திசைகாட்டி வைக்கலாமா என்று கேட்டார். அது வேண்டாம் என்று தடுக்க இன்னும் அரை மணி ஆயிற்று.

பாதுகாப்பு சம்பந்தமாக எதை மாற்றினாலும் எங்கள் ஆபீஸில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நாங்களே உருவாக்கிய படிவம், எங்களையே குத்துகிறது. "இந்த மாற்றத்தைச் செய்யாவிட்டால் யாருக்குப் பாதிப்பு?" என்ற கட்டத்தில் "கல்யாண வயதில் பெண் வைத்திருக்கும் ஒரு அம்மாவுக்கு" என்று எழுதினேன். "பாதிப்பின் அளவு: ஒன்றிலிருந்து ஐந்து வரை." ஆறு என்று போட்டேன்.

சோதனை எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது. யூப் விலங்குகளிடமிருந்து வரும் எதையும் தொடாதவர். ஓட்ஸ் பாலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது பொங்கவில்லை. சூடேறச் சூடேறக் கெட்டியாகிக் கூழாக நின்றது. நாங்கள் மூன்று பேரும் அதையே வெறித்துப் பார்த்தோம். மூன்றாவது ஆள் என் மகள் மீரா. பதினான்கு வயது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்வாள், டச்சில் கேட்டால் பதிலே சொல்ல மாட்டாள். அத்தை போனில் தன்னைச் சாமி என்று கூப்பிடுவது ஏன், தனக்குக் கோவில் கட்டப்போகிறார்களா என்று போன வருடம்தான் கேட்டாள்.

"அம்மா, இது பால் இல்லை. கஞ்சி" என்றாள், தமிழில். நான் அசந்துவிட்டேன். கஞ்சி என்ற சொல் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மாட்டுப் பால் வாங்கி வந்தோம். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் பதினோரு லிட்டர் பொங்க வைத்துத் துடைத்தோம். வியாழக்கிழமை இணையம் வழியாகவே நாகலூர் அடுப்புகளில் ஒரு புது வசதியை இறக்கினோம். ஒரு பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால், நாற்பது விநாடிக்கு அடுப்பு எதையும் கேட்காது, எதையும் அணைக்காது. யூப் அதற்கு மகிழ்ச்சி முறை என்று பெயர் வைத்தார். நான் திருத்தவில்லை.

6

இரண்டாவது வெள்ளிக்கிழமை ஒன்பது வீட்டிலும் பால் பொங்கியது. வழிந்தது. கிழக்கே வழிந்ததா என்று அண்ணி ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு, எல்லா வீட்டிலும் கிழக்கேதான் என்று அறிவித்தார். அடுப்பை அவரே போய்த் தோதாகத் திருப்பி வைத்திருப்பார் என்பது என் சந்தேகம். அன்றைக்கே நாலு வீட்டில் சாதம், ரெண்டு வீட்டில் கேசரி. மார்லேனிடமிருந்து மட்டும் ஒரு மின்னஞ்சல் வந்தது: "ஒன்பது வீட்டிலும் அடுப்பு மேல் ஏன் திரவம் கொட்டியிருக்கிறது? விபத்தா?" விழா என்று பதில் போட்டேன். அதற்கு அவர் ஒரு கேள்விக்குறியை மட்டும் அனுப்பினார்.

மூன்றாவது வாரம் கணக்கு இறங்கியது. ஒரு வீட்டில் மகள் பிரசவத்துக்காக எல்லோரும் சேலம் போய்விட்டார்கள். செல்வி வீட்டில் சீரியல் முடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது, சமையலுக்கு மிஞ்சவில்லை. ஏழு வீடு. எட்டு வேண்டும். எட்டாவது அண்ணி வீடு.

"அண்ணி, சமையக்கட்டு முடிஞ்சுதுங்களா?"

"பெயின்ட் காயலை அம்மிணி. மழைல்ல."

ரெண்டு நாள் கழித்து: "டைல்ஸ்காரன் வரலை."

அதற்கடுத்த நாள்: "ஒயரிங்க மாத்தோணுமாமா."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. ஒயரிங் மாற்றத் தேவையில்லை என்பது எங்கள் விளம்பரத்தின் முதல் வரி! "நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்க அண்ணி? அடுத்த வெள்ளிக்கெழம எட்டு வீடு ஓடலைன்னா நான் கம்பெனிய மூடோணும். ஆறு பேரு வேலை போயிரும். வெளையாட்டா இது?"

"அப்ப நீ வந்து என்னன்னு பாத்துக்க" என்றார் அண்ணி. போனை வைத்துவிட்டார்.

அண்ணி இப்படிப் பட்டென்று போனை வைத்தது அதுதான் முதல் தடவை. டிக்கெட் போட்டேன். மீராவைத் தனியாக விட முடியாது, அவள் அப்பா வேலை விஷயமாக வெளியூரில். இங்கே பிள்ளையைப் பள்ளி நாளில் ஊருக்குக் கூட்டிப் போக வேண்டுமென்றால் காரணம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். கல்யாணம், சாவு, மதச் சடங்கு, இவைதான் கட்டங்கள். மதச் சடங்கில் டிக் அடித்து "பால்" என்று எழுதினேன். பள்ளியிலிருந்து ஒரு அம்மாள் கூப்பிட்டார்.

"இது பண்டிகையா, மேடம்?"

"பொங்கினால் பண்டிகை. பொங்காவிட்டால் கம்பெனி மூடுவிழா."

அவர் எதையோ தட்டச்சு செய்தார். பிறகு அனுமதி கொடுத்துவிட்டார். எந்தக் கட்டத்தில் போட்டார் என்று தெரியாது.

7

வியாழக்கிழமை சாயங்காலம் நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். மூடுபனி. ஆறு வருடம் கழித்து வருகிறேன், மீராவுக்குக் கடைசியாக வந்தபோது எட்டு வயது. அண்ணன் பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். "வா" என்றார். அன்றைய கணக்கில் ஒரு வார்த்தை.

நான் காலில் செருப்போடு நேராகச் சமையலறைக்குள் போனேன். பெயின்ட் காய்ந்து வாரக் கணக்கில் ஆகியிருந்தது. டைல்ஸ் முழுக்கத் திராட்சைக் கொத்து. ஒயரிங் பளபளவென்று இருந்தது. மேடையில் எங்கள் அடுப்பு, அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல், மேலே புதுத் துண்டு போர்த்தி, பெட்டிக்கே மஞ்சள் குங்குமம் வைத்து உட்கார்ந்திருந்தது.

"அண்ணி!" என்று கத்தினேன். நான் என்னென்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத வேண்டாம். மீரா முதல் முறையாக என் தமிழைக் கவனித்துக் கேட்டாள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அண்ணி நான் முடிக்கும்வரை காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். "கத்தியாச்சா? இந்தா குடி. புதுச் சமையக்கட்டு அம்மிணி. பொறந்தவ நீ இருக்கறப்ப நான் எப்படிப் பால் காய்ச்சறது? நாத்தனாதான காய்ச்சோணும்? அந்த முறை உனக்கில்லாம வேற யாருக்கு?"

காப்பியை வாங்கிக்கொண்டேன். நாத்தனார் முறை எனக்குத் தெரியும்தான். ஆவணி, வெள்ளிக்கிழமை, ராகு காலம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தவள், அண்ணி வீட்டுக்கு நாத்தனார் யார் என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை. ஏழு வீட்டுக்காரம்மாக்களும் வந்துவிட்டார்கள். அந்த ஏழில் சேராத செல்விகூட சீரியலை விட்டுவிட்டு வந்திருந்தாள். அண்ணி எனக்குப் புடவை எடுத்து வைத்திருந்தார், மீராவுக்குப் பாவாடை தாவணி. முந்தின ராத்திரியே அண்ணன் பெட்டியைப் பிரித்து அடுப்பை பிளக்கில் செருகியிருந்தார், பேட்டரி நிறைந்து புது வசதியும் இறங்கியிருந்தது. நான் பாலை ஊற்றிப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தேன். எதுக்கு வம்பு என்று நாலு விநாடியாகவே பிடித்தேன். பால் மேலே வந்தது. விளிம்பைத் தொட்டது. டிங் சத்தம் வரவில்லை. நுரை விளிம்பைத் தாண்டிக் கண்ணாடி மேல் சொய்யென்று வழிந்தது. மீராதான் முதலில் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினாள். அதை எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பாலிலேயே காப்பி போட்டார் அண்ணி. பிறகு சாதம், பருப்பு, ரசம், எல்லாம் அதே அடுப்பில். மூன்றரை மணிக்கு யூப் கூப்பிட்டார். அங்கே பன்னிரண்டு. "எட்டு!" என்று கத்தினார். "மார்லேன் கையெழுத்துப் போட்டுவிட்டார்! மணி பார்க்காமல் சிரித்தார்!" நான் வாசற்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். பிறகு சமையலறைக்குப் போய், காலையில் வழிந்த பால் காய்ந்து ஒட்டியிருந்ததைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அண்ணி பக்கத்தில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருக்கலாம்லங்க அண்ணி?" என்றேன். "பெயின்டு, டைல்ஸுன்னு சுத்தி வளைக்காம, பால் காய்ச்ச வான்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்ல?"

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

"ஆறு வருசமாக் கூப்புட்டுட்டுத்தான் இருக்கறோம் கண்ணு. பொங்கலுக்கு வான்னோம், ஊர் நோம்பிக்கு வான்னோம், உங்கண்ணனுக்குக் கண்ணு ஆபரேசன், ஒரு எட்டு வந்துட்டுப் போன்னோம். லீவு இல்லைன்னே. அடுப்பு ஓடலைன்னதும் ஓடி வந்துட்டே பாரு."

மேடை சுத்தமாகி வெகுநேரம் ஆகியிருந்தது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.